பறக்கும் காரை முதலில் வெளியே நிறுத்துங்கள்

"2100-ஆம் ஆண்டில் உலகம் எப்படி இருக்கும்?" என்று பலகையில் எழுதிப் போட்டு, ஒரு பக்கம் எழுதுங்கள் என்று 14 வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் என்ன வரும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம். பறக்கும் கார் வரும். வீட்டு வேலை செய்யும் ரோபோ வரும். ஒரு மாத்திரை போட்டால் நாள் முழுக்கப் பசிக்காது. விடுமுறைக்கு எல்லோரும் செவ்வாய்க்குப் போய்வருவார்கள். கடைசிப் பத்தியில் மட்டும் திடீரென்று பொறுப்பு வந்து, 'ஆனாலும் நாம் இயற்கையை மறந்துவிடக் கூடாது' என்று முடியும். முப்பது தாள் திருத்தினால் முப்பதும் இதே தாள்தான்.

பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை, எல்லாம் செல்போன் செய்த வேலை என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருட்களின் பட்டியல் கேட்டோம், பட்டியல் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலுக்குள் ஒரு மனுஷன்கூட இல்லை, யாருக்கும் எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் கேள்வியில் அதற்கு இடமே இல்லை. அறிவியல் புனைகதையைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது: கண்டுபிடிப்பைக் கேட்காதீர்கள், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறதுதான்.

நான் வழக்கமாகத் தொடங்குவது தூக்கத்தில். "மனிதர்களுக்குத் தூக்கம் தேவையில்லாமல் போய்விட்டது. அது ஒன்றுதான் மாற்றம். வேறு எதையும் நீங்கள் மாற்றக் கூடாது." இவ்வளவுதான் கொடுப்பது. முதல் பத்து நிமிஷம் ஒரே கொண்டாட்டம். ராத்திரி முழுக்க விளையாடலாம், படம் பார்க்கலாம். யாராவது ஒருவன் எழுந்து "அப்போ பாடத்திட்டத்தையும் ரெண்டு மடங்கு ஆக்கிடுவாங்களே" என்பான், வகுப்பே சிரிக்கும், ஆனால் அந்தச் சிரிப்போடு கதவு திறந்துவிடும். பள்ளிக்கு இரண்டு மடங்கு பாடம் என்றால் அலுவலகத்துக்கு? 16 மணி நேர வேலை நாள் வருமா? வந்தால் சம்பளமும் கூடுமா, இல்லை எல்லோரும் செய்கிறார்களே என்று அதே சம்பளத்தில் நிற்குமா? இரவுக் காவலாளிகளுக்கு வேலை இருக்குமா? எல்லா வீட்டிலும் 24 மணி நேரமும் விளக்கு எரிந்தால் அத்தனை மின்சாரம் எங்கிருந்து வரும்? படுக்கையறை எதற்கு, அதை வாடகைக்கு விட்டுவிடுவார்களா? இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று போகும், நான் பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன், இடம் போதாது.

ஒருமுறை, பொதுவாக வாயே திறக்காத ஒரு பெண் கேட்டாள். "மிஸ், எங்க அம்மா தூங்குறப்போதான் யாரும் அவங்களை எதுவும் கேட்க மாட்டோம். தூக்கமே இல்லைன்னா அவங்களுக்கு லீவே கிடையாதா?" பொருளாதாரம் படித்தவர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்தேன்: தூக்கம் தானாகப் போகவில்லை, ஒரு மருந்தால்தான் போகிறது, அந்த மருந்துக்கு விலை அதிகம். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மருந்து வாங்கிய பிள்ளை இரவெல்லாம் படித்து முதல் மதிப்பெண் வாங்கினால் அது நியாயமா என்பதில் நடந்த சண்டையை அடுத்த பீரியட் ஆசிரியர் வந்து நின்றுதான் நிறுத்த வேண்டியிருந்தது. சமத்துவம் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள்.

இந்த 'ஒரே ஒரு மாற்றம்' என்பது என் சரக்கில்லை. டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1970-களிலேயே இந்த வகை எழுத்தின் அடையாளம் இதுதான் என்று விளக்கியிருக்கிறார்: நம் உலகில் இல்லாத புதிய ஒன்று கதைக்குள் வருகிறது, வந்தபின் எல்லாமே தர்க்கப்படி அதன் வழியில் மாறுகிறது. கோட்பாட்டைப் பிள்ளைகளிடம் சொல்லத் தேவையில்லை. விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டாவது மாற்றத்தை உள்ளே விட்டால் காரியம் கெட்டுவிடும். தூக்கமும் இல்லை, பசியும் இல்லை, எல்லோருக்கும் சிறகு வேறு முளைத்துவிட்டது என்றால் யோசிக்க ஒன்றுமே மிஞ்சாது. எதுவும் நடக்கலாம் என்ற இடத்தில் எது நடந்தாலும் யாருக்கும் அக்கறை இருக்காது.

சரி, படிக்க என்ன கொடுப்பது? நாவல் வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே உட்காரலில் படித்து முடிக்கிற சிறுகதைதான் வகுப்புக்கு. நான் திரும்பத் திரும்ப எடுப்பது ரே பிராட்பரி 1954-இல் எழுதிய ஒரு வெள்ளிக்கிரகக் கதை. அங்கே விடாத மழை, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம்தான் சூரியன் தலைகாட்டும். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு நடுவில், பூமியிலிருந்து வந்து சூரியனை நினைவில் வைத்திருக்கும் ஒரே ஒரு சிறுமி. மற்றவர்கள் அவளை என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. படிக்காதவர்களுக்காக அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டால் அறிவியல் ஆசிரியர் ஒருவர் வந்து "இது தப்பாச்சே" என்பார். தப்புதான். 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்து போனபோதே அது கொதிக்கும் கிரகம் என்று தெரிந்துவிட்டது. தரையில் ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகிவிடும். மேகம் உண்டு, ஆனால் அது கந்தக அமிலம், அந்தத் துளிகள் தரைக்கு வந்து சேருமுன்பே ஆவியாகிவிடும். தப்பான அறிவியல் பிள்ளைகள் மனதில் தங்கிவிடாதா என்ற கவலை நியாயமானது. நான் அதை ஒளித்து வைப்பதில்லை. முதல் நாள் கதை மட்டும், ஒரு திருத்தமும் இல்லாமல். இரண்டாம் நாள் வெள்ளியைப் பற்றிய உண்மைகளை அவர்களே தேடி எடுத்து வரவேண்டும். வந்ததும் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள், அதில் அவர்களுக்கு அலாதி சந்தோஷம், பெரிய எழுத்தாளரை மடக்கிவிட்ட பெருமை. எல்லாம் முடிந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "அப்போ இந்தக் கதையைத் தூக்கிப் போட்டுடலாமா?" இதுவரை எந்த வகுப்பும் ஆமாம் என்று சொன்னதில்லை. சிலர் உடனே கதையைப் பழுதுபார்க்க ஆரம்பிப்பார்கள், வேறு கிரகத்துக்கு மாற்றலாம், நிலத்தடிக் குடியிருப்பாக்கலாம், சூரியனுக்குப் பதில் வேறு ஏதாவது என்று. எதை மாற்றினாலும் அந்தச் சிறுமியும் அவளைச் சுற்றி நிற்கும் பொறாமையும் அப்படியே இருந்தாக வேண்டும் என்று அவர்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். கதையில் எது தூண், எது பூச்சு என்று அவர்களுக்குப் பிடிபடுவது இங்கேதான்.

கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்த பக்கமும் இதில் உண்டு. ஜூல் வெர்ன் 1865-இல் வெளியிட்ட நிலவுப் பயண நாவலில் மூன்று பேரை ஒரு பெரிய பீரங்கிக் குண்டுக்குள் உட்காரவைத்து நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். பீரங்கியின் நீளம் 900 அடி, அதாவது சுமார் 274 மீட்டர். வெளியே வரும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். இந்த வேகம் ரொம்பத் தப்பில்லை, பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான விடுபடு வேகம் 11.2. ஆனால் இயக்கச் சமன்பாடுகள் படித்த எந்தப் பிள்ளையும் அடுத்த அடியைப் போட்டுவிடும்: 274 மீட்டருக்குள் பூஜ்யத்திலிருந்து அந்த வேகத்துக்கு வரவேண்டுமானால் முடுக்கம் எவ்வளவு? புவியீர்ப்பைப் போல 22,000 மடங்குக்கும் மேல். பயிற்சி பெற்ற போர் விமானிகள் அதற்குரிய உடையணிந்து தாங்குவது 9 மடங்கு. 50 கிலோ மாணவன் ஒருவன் அந்தக் குண்டுக்குள் இருந்தால் அந்தக் கணத்தில் அவன் எடை 1,100 டன்னுக்கு மேல். இதைக் கேட்டதும் முன் பெஞ்சில் எப்போதும் ஒருவன் "கூழு" என்பான். அதிர்ச்சியைக் குறைக்க வெர்ன் தண்ணீர் மெத்தை ஒன்று வைத்திருந்தார், பிரச்சினை அவருக்கும் தெரிந்தே இருந்தது, அளவுதான் பிடிபடவில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் அது கதை போர்த்திய கணக்கு, வேறொன்றுமில்லை. பல பள்ளிகளில் அறிவியல் புனைகதை நுழைவதே இப்படித்தான், இயற்பியலுக்குத் தேன் தடவிக் கொடுப்பதற்காக. எனக்கு அது பிடிப்பதில்லை, பிள்ளைகளுக்கும் அந்த வாசனை உடனே தெரிந்துவிடும். கணக்கு முடிந்த கையோடு நான் கேட்பது வேறு: ஏன் பீரங்கி? நாவலில் அதைச் செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பீரங்கிக்காரர்களின் சங்கம் அது. போர் உண்மையில் முடிந்ததும் 1865-இல்தான். சுடுவதற்கு எதிரி இல்லை, அதனால் நிலவைச் சுடுகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட வகுப்பிடம், "சரி, உங்க கதையில எல்லாம் ஏன் ஏஐ மட்டும் வருது?" என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் வருகிற பதில்களில் எதிர்காலம் குறைவாகவும், அவர்களுடைய இன்றைய பயம் நிறையவும் இருக்கும். நான் படித்து முடிப்பதற்குள் எனக்கான வேலை இருக்குமா என்பதுதான் அதில் முக்கால்வாசி.

வங்காளப் பெண் எழுத்தாளர் ரோக்கியா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை 1905-இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், பெண்களுக்கான பத்திரிகையில், வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள், பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேகரித்துச் சமைக்கிறார்கள், அதையே ஆயுதமாக்கிப் படையெடுப்பை விரட்டுகிறார்கள். பிள்ளைகள் முதலில் வாய் பிளப்பது சூரிய அடுப்புக்கு: 1905-லேயா! ஆனால் விவாதம் சூடுபிடிப்பது ஆண்கள் அடைந்து கிடப்பதில்தான். பையன்கள் "இது அநியாயம்" என்பார்கள். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து "அப்போ அந்தக் காலத்துல திருப்பி நடந்ததுக்கு என்ன பேர்?" என்று வரும். நான் ஓரமாக நின்றுகொள்வேன். இந்தக் கதையில் கருவிகள் பலப்பல, ஆனால் மாற்றம் ஒன்றே ஒன்று, யார் உள்ளே யார் வெளியே என்பதுதான். கவிழ்த்துப் போட்டால் மட்டும் நியாயமாகிவிடுமா என்று அடுத்து ஒரு பெண்ணே கேட்டதும் உண்டு, அதற்கு வகுப்பில் இன்னும் ஒருமித்த பதில் வரவில்லை.

ஐசக் அசிமோவின் மூன்று ரோபோ விதிகளை எல்லோரும் பாடமாக எடுக்கிறார்கள், பெரும்பாலும் தலைகீழாக. மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காப்பாற்றிக்கொள் என்று ஒப்பிக்கவைத்து, 'ஆகவே ரோபோக்கள் பாதுகாப்பானவை' என்று முடித்துவிடுகிறார்கள். விதிகள் முழுசாக வெளிப்படும் 1942-ஆம் வருடக் கதையிலேயே விதி சிக்கிக்கொள்கிறது. புதன் கிரகத்தில், போகிற போக்கில் கொடுத்த கட்டளைக்கும் முன்னால் இருக்கும் ஆபத்துக்கும் நடுவில் ரோபோ மாட்டிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் வட்டமடிக்கிறது. விதி எங்கே உடையும் என்று பார்க்கத்தான் அவர் விதியையே எழுதினார் என்று எனக்குத் தோன்றும். அதனால் வகுப்பில் ஒரு குழுவை வீட்டுப்பாடத்துக்கு உதவும் இயந்திரத்துக்கு மூன்று விதி எழுதச் சொல்வேன். பொய் சொல்லாதே, மாணவனை அழவைக்காதே, ஆசிரியர் சொல்வதைக் கேள் என்கிற மாதிரி எழுதுவார்கள். அடுத்த குழுவின் வேலை அந்த இயந்திரத்தை வட்டமடிக்க வைப்பது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இனி எழுதவைப்பது. எனக்கு இதில் மிகப் பிடித்த பயிற்சி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி, அதாவது வானொலிச் செய்தி, போய்ச் சேர ஒரு வழிக்குக் குறைந்தது 3 நிமிஷமும் கூடினால் 22 நிமிஷமும் ஆகும், இரண்டு கோள்களும் எங்கெங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து. நிலவென்றால் 1.3 விநாடிதான், சமாளித்துவிடலாம். செவ்வாயோடு தொலைபேசி உரையாடல் என்பதே கிடையாது, எவ்வளவு தொழில்நுட்பம் வளர்ந்தாலும். இதைச் சொல்லிவிட்டு, தாமதம் 20 நிமிஷம் என்று வைத்துக்கொண்டு, செவ்வாயில் இருக்கும் மகளுக்கும் பூமியில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரு சண்டை எழுதுங்கள் என்பேன். ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பிய நேரமும் கிடைத்த நேரமும் போட்டாக வேண்டும். கதைசொல்லி நடுவில் வந்து எதையும் விளக்கக் கூடாது.

தொடங்கும்போது யாருக்கும் இதன் சிக்கல் தெரியாது. மகள் 10:00-க்கு 'நான் திரும்பி வரப்போறதில்லை' என்று அனுப்புகிறாள். 10:08-க்கு மனசு கேட்காமல் 'கோபத்துல சொல்லிட்டேன்மா, மன்னிச்சுடு' என்று இன்னொன்று. முதல் செய்தி அம்மாவுக்கு 10:20-க்குப் போய்ச் சேர்கிறது. 10:21-க்கு அம்மா சுடச்சுடப் பதில் அனுப்புகிறார். மன்னிப்பு வந்து சேர்வது 10:28-க்கு, அதைப் பார்த்த உடனே அம்மா தணிந்து இன்னொன்று அனுப்புகிறார். ஆனால் மகளுக்கு முதலில் கிடைப்பது அந்தச் சுடுசொல்தான், 10:41-க்கு. தணிந்த பதில் வர 10:48 ஆகும். அம்மா இதை எழுதும்போது என் மன்னிப்பைப் பார்க்கவில்லை என்று நேரக் குறிப்பை வைத்து மகளால் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்தும் வலிக்கும். அந்த ஏழு நிமிஷத்தில் அவள் மூன்றாவதாக ஒன்றை அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் தாங்களே கேட்டு, தாளில் கட்டம் போட்டு, அழித்து அழித்து எழுதுவார்கள். கதை எழுதச் சொன்னால் கால் பக்கத்தில் பேனாவை மூடி வைக்கும் பையன்கள் இதில் மூன்று பக்கம் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒளியின் வேகம் அவர்களுக்கு உரையாடல் எழுதக் கற்றுக்கொடுக்கிறது. நான் கற்றுக்கொடுத்து அது வந்ததில்லை.

தடைகள் சிலவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். 'எல்லாம் கனவு' என்று முடிக்கக் கூடாது. உலகம் அழியக் கூடாது, ஏனென்றால் முடிக்கத் தெரியாத எழுத்தாளருக்கு உலகத்தை அழிப்பது ரொம்ப வசதி. கதாநாயகன் விஞ்ஞானியாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசித் தடைக்குத்தான் எதிர்ப்பு அதிகம், பலனும் அதிகம். விண்வெளி நிலையத்தில் காற்று வடிகட்டிகளைச் சுத்தம் செய்கிறவர், அங்கே பள்ளிக்கூடம் நடத்துகிறவர், திருட்டுத்தனமாகச் செடி வளர்க்கும் பாட்டி என்று எழுத ஆரம்பித்தால் கதைக்குள் சம்பளமும் சோம்பலும் சிபாரிசும் தானாக வந்துவிடும். விஞ்ஞானியை வைத்தால் அவர் ஆய்வகத்தில் ஒரு பொத்தானை அழுத்துவதோடு சரி.

இயந்திரத்திடம் கதையை எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்களே என்று கேட்பீர்கள். வருகிறார்கள். நான் எழுத்துப் பகுதியை வகுப்பிலேயே, கையால், வைத்துக்கொள்கிறேன், அடுத்த நாள் தாள்களை மாற்றிக் கொடுத்து, இந்தக் கதை தன்னுடைய விதியையே எங்கே மீறுகிறது என்று பக்கத்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். எழுதியவர் எழுந்து தன் உலகத்துக்காக வாதாட வேண்டும். மதிப்பெண்ணும் இதற்குத்தான்: எடுத்துக்கொண்ட விதியைக் கடைசிவரை காப்பாற்றினாயா, விளைவை இரண்டு மூன்று அடியாவது தள்ளிப்போய்ப் பார்த்தாயா, அந்த விளைவு ஒரு ஆளுக்கு நேர்கிறதா. எழுத்துப்பிழைக்கு வேறு நாள் இருக்கிறது.

காலப்பயணத்தை மட்டும் நான் வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனால் தாத்தாவை அவர் கல்யாணத்துக்கு முன்பே கொன்றுவிட்டால் நான் பிறப்பேனா என்ற புதிர் வந்ததும் தர்க்கத்தில் கெட்டிக்காரர்களான நாலு பேர் பீரியடை எடுத்துக்கொள்கிறார்கள், மற்றவர்கள் பெஞ்சில் படம் வரைய ஆரம்பிக்கிறார்கள். தவிர அந்தப் புதிரில் யாருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியே எழுவதில்லை, கொல்லப்பட்ட தாத்தாவைப் பற்றிக்கூட யாரும் கவலைப்படுவதில்லை. அந்த நாலு பேரையும் மதிய இடைவேளையில் வரச் சொல்லியிருக்கிறேன்.